ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது தாளில் எழுதித் தராதவை

இதய ரத்தக்குழாயின் அடைப்பை விரித்து வைக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயைப் பொருத்தி வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். உப்பைக் குறைக்கவும், எண்ணெயைக் குறைக்கவும், தினமும் நடக்கவும், புகை பிடிக்க வேண்டாம், டென்ஷன் ஆகாமல் இருக்கவும். எல்லாம் சரியான அறிவுரைதான், ஒன்றைக்கூடக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைப் படித்தால் இதய நோய் என்பது முழுக்க ஒருவனுடைய நாக்குக்கும் சோம்பலுக்கும் நடக்கிற விவகாரம் என்றுதான் தோன்றும். எனக்கு 46 வயதில் மாரடைப்பு வந்தது. அதற்குப் பிறகு படித்தும், டாக்டர்களைத் தொணதொணத்தும், வீட்டிலும் வேலையிலும் செய்து பார்த்தும் எனக்குப் புரிந்தது வேறு. என்ன சாப்பிடுகிறோம், எவ்வளவு நடக்கிறோம், எப்போது தூங்குகிறோம் என்பதில் பெரும்பகுதியை நம்மைச் சுற்றி இருக்கும் வீடும் வேலையும் மனிதர்களும்தான் முடிவு செய்கிறார்கள். வைராக்கியத்தில் தொடங்கியவை ஒவ்வொன்றாகக் கழன்றுபோயின. சுற்றுப்புறத்தை மாற்றிச் செய்தவை மட்டும் இன்றுவரை நிற்கின்றன.

நான் டாக்டர் இல்லை. சரக்குக் கிடங்கு ஒன்றில் ஷிஃப்ட் மேற்பார்வையாளர். ஆகவே மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் பேச்சு.

படுக்கையில் இருந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்ன காரணம் பரம்பரை. அப்பாவுக்கும் ஐம்பதுகளில் மாரடைப்பு வந்தது என்பதால் அந்தப் பேச்சு சுலபமாக ஒட்டிக்கொண்டது. எனக்கு அது உறுத்தியது. அண்ணன் என்னைவிட ஆறு வயது பெரியவர். அதே அப்பா, அதே அம்மா, ஒரே அடுப்பில் வெந்ததைச் சாப்பிட்டு வளர்ந்தோம். அவர் தச்சு வேலை செய்கிறார், இளம் வயதிலிருந்தே சிகரெட் பிடிப்பவர். நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அப்படியிருந்தும் வந்தது எனக்கு. இதை, மாரடைப்பு வந்தவர்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சியில் இருந்த நர்ஸிடம் புலம்பியபோது அவர் சிரிக்கவில்லை. "ஒரு ஆளை வெச்சு கணக்குப் போடாதீங்க சார். ஆயிரம் பேரை வெச்சுப் போட்டாத்தான் தெரியும். உங்க அண்ணனை முதல்ல சிகரெட்டை விடச் சொல்லுங்க" என்றார். அண்ணனிடம் அப்படியே போய்ச் சொன்னேன். அவர் விட்டதற்கு என் மாரடைப்புதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணியோ, பேத்தி பிறந்ததுதான் காரணம் என்கிறார். எதுவாக இருந்தால் என்ன, விட்டு ஒரு வருடத்தில் இதய நோய்க்கான கூடுதல் ஆபத்து ஏறக்குறையப் பாதியாகிறது.

பரம்பரையா வாழ்க்கையா என்ற கேள்விக்கு, நான் படித்ததில் நறுக்கென்ற பதில் ஜப்பானியக் குடியேறிகள் பற்றிய ஆய்வு. 1960-களில் தொடங்கியது. ஜப்பானிலேயே இருந்தவர்கள், ஹவாய்க்குப் போனவர்கள், கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் குடியேறியவர்கள் என்று மூன்று கூட்டம், மொத்தம் சுமார் 12,000 நடுத்தர வயது ஆண்கள். எல்லாரும் ஒரே வம்சாவளி. இதய நோய் ஜப்பானில் இருந்தவர்களிடம் மிகக் குறைவு, ஹவாயில் நடுத்தரம், கலிஃபோர்னியாவில் மிக அதிகம். ஒரே ரத்தம் கப்பலேறி வேறு கரையில் இறங்கியதும் நோயின் அளவு மாறிவிட்டது. மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அப்பாவுக்கு வந்தது எனக்கு ஒரு எச்சரிக்கைதான். ஆனால் எச்சரிக்கை வேறு, தீர்ப்பு வேறு.

சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004-ல் வெளியானது. முதல் மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரை, ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் மாரடைப்பு வராதவர்களோடு ஒப்பிட்டார்கள். புகை, ரத்தக் கொழுப்பு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கறி பழம் குறைவு, உடலுழைப்புக் குறைவு, மதுப் பழக்கம் ஆகிய ஒன்பதை வைத்தே ஆண்களின் ஆபத்தில் 90 சதவீதத்தையும் பெண்களின் ஆபத்தில் 94 சதவீதத்தையும் விளக்க முடிந்தது. பணக்கார நாடு, ஏழை நாடு என்று வித்தியாசம் இல்லாமல் எங்கும் இதே பட்டியல்தான். அதில் எனக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். புகையைத் தவிர்த்து ஏறக்குறைய எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. எதுவும் பயமுறுத்துகிற அளவில் இல்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

உடலுழைப்பு என்றதும் ஜிம்மும் ஓட்டப்பயிற்சியும் நினைவுக்கு வருகின்றன. விஷயம் முதலில் பிடிபட்டது லண்டன் பேருந்துகளில். ஜெரெமி மாரிஸ் என்ற டாக்டர் 1953-ல் வெளியிட்ட ஆய்வு அது. மாடி வைத்த பேருந்தில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். இருவரும் ஒரே நிறுவனத்தின் தொழிலாளிகள், வாழ்க்கைத் தரமும் ஏறக்குறைய ஒன்றுதான். கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது, வந்தாலும் தாமதமாக வந்தது, முதல் தாக்குதலிலேயே சாவதும் குறைவு. இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து அவர் செய்தது. நிறுவனம் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு கண்டக்டர்களுடையதைவிடப் பெரிது! அப்படியானால் குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போனார்களோ என்ற சந்தேகமும் அதிலிருந்தே எழுந்தது. உடலுழைப்பு மட்டுமே காரணமா என்று பிறகு பல வருடம் வாதம் ஓடியது. மாரிஸ் அலுவலக வேலையில் இருந்தவர்களை வைத்து மறுபடி ஆராய்ந்தார். விறுவிறுப்பான உடற்பயிற்சிக்குப் பலன் உண்டு என்பது அங்கேயும் நின்றது.

நான் அந்த டிரைவர் வகை. மூன்று திரைகளுக்கு முன்னால் நாற்காலி, கைக்கெட்டும் தூரத்தில் தொலைபேசி, வாக்கிடாக்கி, பிஸ்கட் டப்பா. வேலைக்குத் திரும்பியபோது உடற்பயிற்சி செய்யப் போகிறேன் என்று சபதம் எடுக்கவில்லை. அச்சுப்பொறியைத் தளத்தின் மறுகோடிக்கு மாற்றினேன். லாரி ஏற்றுமிடச் சோதனையைக் கேமராவில் பார்ப்பதை விட்டுவிட்டு நடந்து போய்ப் பார்த்தேன். போன் வந்தால் எழுந்து நிற்பது என்று வைத்துக்கொண்டேன். பிஸ்கட் டப்பா என் மேஜையிலிருந்து போனது. வேறு யார் மேஜைக்குப் போனது என்று நான் விசாரிக்கவில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்ச அளவு. மிதம் என்றால் என்ன என்று நர்ஸிடம் கேட்டதற்கு, "நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது" என்றார். இன்றும் என் அளவுகோல் அதுதான். ஒரு எச்சரிக்கை: மாரடைப்பு வந்தவர்கள் தாங்களாக வேகத்தைக் கூட்டக் கூடாது. மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்கிற இடத்தில் இருந்தால், எத்தனை வேலை இருந்தாலும் அதற்குப் போய்விடுங்கள்.

இனி சாப்பாடு. இதில் என் மனைவியின் கைதான் ஓங்கியது. "உப்பைக் குறை" என்று தாளில் இருக்கிறது. எதிலிருந்து எவ்வளவுக்குக் குறைப்பது? நாம் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்றே யாருக்கும் தெரியாது. அவள் செய்தது இதுதான். புது உப்புப் பாக்கெட்டைப் பிரித்த அன்று பேனாவால் அதன் மேலேயே தேதி எழுதினாள். தீர்ந்த அன்றும் எழுதினாள். நடுவில் விருந்தாளி வந்தால் அதையும் ஓரத்தில் குறித்தாள். அப்புறம் கிராமை நாளாலும் ஆளாலும் வகுத்தாள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு டீஸ்பூன். உலகச் சராசரியோ 10.8 கிராம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாளாவது வர வேண்டும். வெளியில் வாங்கும் பொருட்களிலும் உப்பு இருப்பதால் உண்மையில் அதற்கும் மேலே வர வேண்டும். எங்கள் பாக்கெட் அதில் பாதி நாள்கூட வரவில்லை. கணக்கைப் பார்த்ததும் அவளே சொன்னாள்: "சமைக்கிற நான் இதைத் தெரிஞ்சுக்கலைன்னா, சாப்பிடுற உங்களைச் சொல்லி என்ன பிரயோஜனம்?"

அன்றிலிருந்து உப்பு ஜாடிக்குள் சின்ன ஸ்பூன் வந்தது, சாப்பாட்டு மேஜையிலிருந்து உப்புக் கிண்ணம் போனது. முதலில் எல்லாருக்கும் சப்பென்று இருந்தது. பையன் முகம் சுளித்தான். சில வாரங்களில் நாக்கு பழகிவிட்டது, இப்போது வெளியில் சாப்பிட்டால் எங்களுக்குக் கரிக்கிறது. பாக்கெட் பண்டங்களில் சோடியம் என்று போட்டிருந்தால் அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 100 கிராம் பண்டத்தில் 1.5 கிராமுக்கு மேல் உப்பு இருந்தால் பிரிட்டனில் அதற்குச் சிவப்பு முத்திரை. அந்த அளவை நாங்களும் வைத்துக்கொண்டோம். ரொட்டி, பிஸ்கட், சாஸ் இவற்றில் ஒளிந்திருக்கும் உப்பு ஆச்சரியப்படுத்தும்.

சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்த உப்பும் உண்டு. சீனாவின் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2021-ல் வந்தது. அந்த உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது, மாரடைப்பும் மொத்த மரணமும்கூடக் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், சில வகைப் பிபி மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். நான் சாப்பிடும் மாத்திரை அந்த வகை என்பதால் எங்கள் வீட்டில் சாதாரண உப்புதான், அளவு மட்டும் குறைவு.

எண்ணெய் விஷயத்தில் அளவைவிட வகை முக்கியம். வெண்ணெய், கொழுப்பு மிகுந்த இறைச்சி போன்ற நிறைகொழுப்பின் இடத்தில் தாவர எண்ணெய், கொட்டைகள், மீன் வந்தால் பலன் தெரிகிறது. அந்த இடத்தை மைதாவும் சர்க்கரையும் பிடித்துக்கொண்டால் ஒரு பலனும் இல்லை. எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு மட்டும் எந்த அளவிலும் வேண்டாத ஒன்று. பகுதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் என்று லேபிளில் இருந்தால் கடையிலேயே திருப்பி வைத்துவிடலாம். டென்மார்க் 2003-லேயே சட்டம் போட்டு, எண்ணெய் கொழுப்பில் 2 சதவீதத்துக்கு மேல் அது இருக்கக் கூடாது என்றது. அங்கே எந்த நோயாளியும் லேபிளைப் படித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. சட்டம் ஒரு நாளில் செய்வதை நாம் ஆயுள் முழுக்க வைராக்கியத்தால் செய்யப் பார்க்கிறோம்.

ஒரு வட்டாரமே சேர்ந்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபின்லாந்தின் வடக்கு கரேலியா உதாரணம். 1970-களின் தொடக்கத்தில் ஆண்கள் இதய நோயால் சாவதில் உலகிலேயே முன்னணியில் இருந்த பகுதி. மரம் வெட்டும், மாடு வளர்க்கும் உழைப்பாளிகள். உடல் உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் எதிலும் வெண்ணெய், எதிலும் உப்பு, வாயில் சிகரெட். ஏதாவது செய்யுங்கள் என்று 1971-ல் அந்தப் பகுதிப் பிரதிநிதிகளே அரசுக்கு மனு கொடுத்தார்கள். 1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டரின் தலைமையில் திட்டம் தொடங்கியது.  அவர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து அறிவுரை சொல்லவில்லை. மார்த்தா என்ற பெண்கள் அமைப்போடு சேர்ந்து ஊர் ஊராகச் சமையல் கூட்டம் நடத்தினார்கள். பழைய உணவையே வெண்ணெய் குறைத்து, காய்கறி கூட்டிச் சமைத்துக் காட்டி, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இறைச்சி, பால் நிறுவனங்களிடம் கொழுப்பையும் உப்பையும் குறைக்கச் சொல்லிப் பேசினார்கள். பால் விற்றுப் பிழைத்தவர்கள் பெர்ரி பயிருக்கு மாற உதவி கிடைத்தது. கிராமங்களுக்குள் யார் கொலஸ்ட்ராலை அதிகம் குறைக்கிறார்கள் என்று போட்டிகூட நடந்தது. நாற்பது ஆண்டுகளில் வேலை செய்யும் வயது ஆண்களிடம் கரோனரி நோய், அதாவது இதய ரத்தக்குழாய் அடைப்பால் வரும் மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஃபின்லாந்தின் மற்ற பகுதிகளிலும் குறைந்ததால் எல்லாப் புகழையும் இந்தத் திட்டத்துக்கே கொடுக்க முடியாது என்பவர்களும் உண்டு. அது நியாயமான பேச்சுதான். நாடு முழுக்க இந்தத் திட்டத்தைப் பார்த்து மாறியது என்பதும் நியாயம்.

இதிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொண்டேன். நோயாளிக்குத் தனிச் சமையல் கிடையாது. எனக்கு ஒரு பாத்திரம், மற்றவர்களுக்கு ஒரு பாத்திரம் என்று தொடக்கத்தில் ஓடியது. சமைப்பவருக்கு இரட்டை வேலை. எனக்குத் தண்டனை அனுபவிக்கிற நினைப்பு. பிள்ளைகளுக்கோ, ஆரோக்கியச் சாப்பாடு என்றால் நோயாளி சாப்பாடு என்ற பாடம். அவர்களும் இந்த அப்பாவின், அந்தத் தாத்தாவின் வழியில் வந்தவர்கள்தானே! ஒரே பாத்திரம் என்று ஆன பிறகு வீட்டில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

வேலைக்கு வருகிறேன். "டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்வதைப் போல் பயனற்ற அறிவுரை உலகத்தில் இல்லை. எந்த டென்ஷன் என்று கேட்க வேண்டும். பொறுப்பு அதிகமுள்ள மேலதிகாரிகளுக்குத்தான் மாரடைப்பு வரும் என்று ஒரு காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடம் 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு அதைத் தலைகீழாகப் புரட்டியது. சுமார் 18,000 ஆண்கள். கடைசிப் படியில் இருந்த ஏவல் ஊழியர்கள் இதய நோயால் இறப்பது, உச்சியில் இருந்த நிர்வாகிகளைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். நடுவில் இருந்தவர்களுக்கு நடுவில். படிக்குப் படி கூடிக்கொண்டே போனது. கீழ்ப்படியில் புகை அதிகம்தான். ஆனால் புகை, பிபி, கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் மிச்சம் நின்றது. 1985-ல் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வில், மைக்கேல் மார்மட் குழுவினர் அந்த மிச்சத்தில் ஒரு பகுதிக்குப் பெயர் வைத்தார்கள்: தன் வேலையில் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது. வேலை மேலே குவிந்துகொண்டிருக்கும், அதை எப்போது எப்படிச் செய்வது என்பதில் நமக்கு ஒரு சொல்லும் கிடையாது. அந்த நிலைதான் இதயத்தை அரிக்கிறது.

படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் ஷிஃப்ட் அட்டவணை அடுத்த வாரத்துக்கானது இந்த வார இறுதியில்தான் வரும். இரவு, பகல், மறுபடி இரவு. வேலை நேரமும் சொல்லாமல் கொள்ளாமல் நீளும். ஷிஃப்ட் வேலை பற்றிய 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012-ம் ஆண்டுக் கணக்கில், ஷிஃப்ட் ஊழியர்களுக்கு மாரடைப்பு ஆபத்து 23 சதவீதம் கூடுதல். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொன்னது: வாரம் 55 மணி நேரம் அல்லது அதற்கு மேல் உழைப்பவர்கள், 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம், பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். அண்ணன் மரத்தோடு மல்லுக்கட்டுகிறார், ஆனால் இன்று எந்த வேலை, எத்தனை மணிக்கு என்பதை அவரேதான் தீர்மானிக்கிறார்.

டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு மேலாளரைப் பார்த்தேன். வேலையைக் குறையுங்கள் என்று கேட்டிருந்தால் காரியம் கெட்டிருக்கும். மூன்றே விஷயங்கள் கேட்டேன். அட்டவணை ஒரு மாதம் முன்னால் வேண்டும், இரவு ஷிஃப்ட் விட்டுவிட்டு வராமல் சேர்ந்தாற்போல் வந்து பிறகு போதிய ஓய்வு வேண்டும், ஷிஃப்ட் முடிந்த பிறகு போன் வரக் கூடாது. முதல் இரண்டும் கிடைத்தன. மூன்றாவது பேப்பரில் மட்டும் கிடைத்தது. அட்டவணை எனக்கு மட்டும் முன்னால் போட முடியாதே, தளத்தில் இருந்த எல்லாருக்கும் அதே பலன் வந்தது. மேற்பார்வையாளன் என்பதால் நான் கேட்க முடிந்தது. மூட்டை தூக்குகிறவர் இதையே கேட்டிருந்தால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். வைட்ஹால் சொன்ன படிக்கட்டு அங்கேயும் இருக்கிறது. சங்கம் இருக்கிற இடத்தில் தனியாகக் கேட்காமல் சேர்ந்து கேளுங்கள்.

மனிதர்கள் விஷயத்தில் ரொசெட்டோ கதையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இத்தாலியக் குடியேறிகள் வாழ்ந்த சிற்றூர். பன்றிக் கொழுப்பில் பொரித்துச் சாப்பிட்டார்கள், புகைத்தார்கள், ஆனாலும் 1960-களின் ஆய்வில் பக்கத்து ஊர்களைவிட இதய மரணம் குறைவு. மூன்று தலைமுறை ஒரே வீட்டில், ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழ்ந்ததுதான் காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். பிறகு ஆளுக்கொரு வீடு, கார் என்று வாழ்க்கை மாறியதும் மரணமும் பக்கத்து ஊர் அளவுக்கு ஏறியது. அழகான கதை. ஆனால் ஊர் சின்னது, இறந்தவர்களின் எண்ணிக்கையும் சின்னது. கொழுப்பைச் சாப்பிடலாம், கூடி வாழ்ந்தால் போதும் என்று இதை வைத்துச் சொல்பவர்களை நான் நம்ப மாட்டேன். ஜப்பானியக் குடியேறிகள் பற்றி மார்மட்டும் லியோனார்ட் சைமும் 1976-ல் எழுதியது இன்னும் வலுவான சான்று. கலிஃபோர்னியாவிலேயே இருந்தும் தங்கள் சமூகத்தோடு நெருக்கமாக இருந்தவர்களுக்கு இதய நோய் ஏறக்குறைய ஜப்பான் அளவில்தான் இருந்தது. அதைவிட்டு விலகிப் புதுவாழ்க்கைக்கு முழுக்க மாறியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மடங்கு. உணவு, புகை, பிபி வித்தியாசத்தால் மட்டும் இதை விளக்க முடியவில்லை.

எனக்கு நடந்தது சின்ன அளவில்தான். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த மாதங்களில் எதிலும் பிடிப்பில்லாமல் போனது. தூக்கம் இல்லை, மாத்திரையை எடுக்கக்கூட அலுப்பு. பயம்தான் காரணம், போகப் போகச் சரியாகும் என்றார்கள். மாரடைப்புக்குப் பிறகு ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, கவனிக்காமல் விட்டால் அடுத்த மாரடைப்புக்கான ஆபத்தும் கூடுகிறது. இதை எனக்குச் சொன்னது அந்த நர்ஸ்தான். டாக்டரிடம் சொன்னேன், சிகிச்சை கிடைத்தது. அதோடு, பயிற்சியில் பழக்கமான இன்னொரு நோயாளியோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், என் கொலஸ்ட்ரால் எண்ணை என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார். அவர் தெருமுனையில் நின்றுகொண்டிருப்பார் என்பதாலேயே நான் போகாத நாட்கள் குறைவு. தனியாக நடக்கிறேன் என்று இருந்திருந்தால் முதல் மழைக்கே நின்றிருப்பேன்.

மாத்திரை பற்றி ஒரே வார்த்தை. வாழ்க்கையை மாற்றிவிட்டேன், இனி மாத்திரை எதற்கு என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். அமெரிக்காவில் 1980 முதல் 2000 வரை இதய மரணம் குறைந்ததை ஆராய்ந்தவர்கள், ஏறக்குறைய பாதி சிகிச்சையால், பாதி புகை, பிபி, கொலஸ்ட்ரால் குறைந்ததால் என்று கணக்கிட்டார்கள். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே அடைத்துக்கொள்ளலாம். பல் பிடுங்கப் போனால்கூட டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான்.

கடைசியாக, அக்கா. எங்கள் மூவரில் மூத்தவர். அண்ணனையும் என்னையும் பற்றியே எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம், அக்காவை யாரும் நினைக்கவில்லை. இதய நோய் ஆண்களின் நோய் என்ற நினைப்பு அவ்வளவு ஆழம். படுத்த படுக்கையான மாமியாரை வருடக்கணக்காகக் கவனிப்பவர், இரவில் எழுந்து எழுந்து பார்ப்பவர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அசதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வயசாகுது என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். பெண்களுக்கும் மாரடைப்பில் நெஞ்சுவலி வரும். ஆனால் மூச்சிரைப்பு, அளவுக்கு மீறிய அசதி, குமட்டல், தாடை அல்லது முதுகு வலி ஆகியவையும் சேர்ந்து வருவது அதிகம். அதனாலேயே வாயு என்றும் களைப்பு என்றும் தள்ளிப்போடுகிறார்கள்.

பிபி கருவியை எடுத்துக்கொண்டு போனேன். "எனக்கென்னடா, நீ உன்னைப் பாரு" என்றார். அடுப்படியிலிருந்து வந்த வேகத்தில் கையை நீட்டினார். அப்படி எடுத்தால் எண் பொய் சொல்லும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும், பாதம் தரையில் இருக்க வேண்டும், கை இதய மட்டத்தில் மேஜை மேல் இருக்க வேண்டும், பேசக் கூடாது, அதற்கு முன் அரை மணி நேரத்தில் காபி, டீ கூடாது. அக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது அந்த ஐந்து நிமிடம் சும்மா உட்காருவதுதான், அதற்குள் மூன்று முறை எழுந்துவிட்டார். இரண்டாவது முறை எடுத்தபோதும் 168/100. வீட்டில் எடுக்கும்போது 135/85-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தாலே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அண்ணனும் நானும் வார இறுதி இரவுகளை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டோம், அக்கா அந்த இரண்டு நாளாவது முழுசாகத் தூங்கட்டும் என்று. மாமியாருக்கு என்னைப் பிடிக்கவில்லை, அண்ணன் போனால் சிரிக்கிறார். மாத்திரை ஆரம்பித்தாயிற்று, ஈசிஜியில் பெரிதாக ஒன்றும் இல்லை. பிபி இறங்கியிருக்கிறது, இருந்தாலும் டாக்டர் எதிர்பார்த்த அளவுக்கு இன்னும் வரவில்லை. அளவைக் கூட்டியிருக்கிறார்கள், அடுத்த மாதம் மறுபடி காட்ட வேண்டும்.